வாடை பார்த்து நில்

களுவாஞ்சிகுடியில் இருந்து போய் இப்போது ஒன்ராறியோவில், பீட்டர்பரோவுக்குக் கிட்ட இருக்கும் தம்பி ஒருவன் கேட்டிருக்கிறான்: "அண்ணன், இந்த நவம்பரில்தான் முதல்முறை மான் வேட்டைக்குப் போகப் போறன். கடையில் மானை இழுக்கிற சென்ட் என்று வகைவகையாக வைத்திருக்கிறார்கள். குளிரில் அது வேலை செய்யுமா? எதை வாங்குவது, எப்படி வைப்பது? டிசம்பரில் ஊருக்கு வரும்போது ஒரு போத்தல் கொண்டு வந்தால் நம்மட காட்டுப் பக்கமும் வைத்துப் பார்க்கலாமா?"

நான் திருக்கோவிலில் பிறந்து வளர்ந்தவன். பன்னிரண்டு வருடம் ஒன்ராறியோவில் வேலை செய்தேன். அதில் ஒன்பது பருவம் முறைப்படி லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போனேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். இரண்டு பக்கத்து மானையும் கிட்ட நின்று பார்த்தவன் என்பதால் இதை ஆறுதலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் நேரான பதில். குளிரிலும் சென்ட் வேலை செய்யும். ஆனால் அது எட்டும் தூரம் குறையும். காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் நீ நின்றால் எந்தப் போத்தலும் உன்னைக் காப்பாற்றாது. இங்கே கொண்டு வருவது மட்டும் கூடவே கூடாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் மொழியில் வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. வாடை என்றால் மணமும்தான். "மீன் வாடை அடிக்குது" என்றும் சொல்கிறோம், "வாடை தொடங்கிட்டு" என்றும் சொல்கிறோம். ஒரே சொல்லுக்குள் இரண்டும் இருப்பது மானுக்குச் சரியாகப் பொருந்தும். அதற்குக் காற்று என்பதே மணம்தான். நமக்குக் கண் எப்படியோ அதற்கு மூக்கு அப்படி. நீ அசையாமல் இருந்தால் மான் உன்னைக் கண்ணால் பார்த்தும் கணக்கெடுக்காமல் போகலாம், ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் மேயலாம். உன் மணம் ஒருமுறை மூக்கில் பட்டால் இரண்டாவது யோசனையே கிடையாது.

என் அப்பப்பா வட்டையில் காவலுக்குப் போவார். வெள்ளாமை கதிர் தள்ளுகிற காலத்தில் காட்டோரத்து வயல்களுக்குப் பன்றி வரும், மான் வரும், யானையும் வரும். இரவில் வாடியை விட்டு வெளியே இறங்குமுன் அடுப்புச் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்துத் தோள் உயரத்தில் இருந்து மெல்ல விடுவார். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று டோர்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் எந்த வரம்பால் போவது என்று முடிவெடுப்பார். கனடாவில் இதே வேலைக்குப் பவுடர் போத்தல் விற்கிறார்கள். அமத்தினால் புகைபோல ஒரு தூள் வரும். சென்ட் வாங்கும் காசில் முதலில் அதை வாங்கு.

இனிக் குளிர் விஷயம். மணம் என்பது ஒரு பொருளில் இருந்து ஆவியாகிக் கிளம்பும் நுண்துகள்தான். வெயிலில் வைத்த கருவாடு தெருமுனைவரை மணக்கும். அதே கருவாட்டைப் பிரிட்ஜில் வைத்தால் கதவைத் திறந்து மூக்கை நீட்டினால்தான் தெரியும். வெப்பநிலை குறையக் குறைய ஆவியாவது குறையும். பூச்சியத்துக்குக் கீழே போனால் நீர் கலந்த சென்ட் உறைந்தே போகும், உறைந்ததில் இருந்து கிளம்பும் மணம் மிகச் சொற்பம். பீட்டர்பரோவில் நவம்பர் நடுப்பகுதி விடிகாலை என்றால் உறைநிலையைச் சுற்றித்தான் நிற்கும். அதனால் செப்டெம்பரில் ஊதித் தள்ளும் ஒரு துளி, நவம்பரில் இருபது முப்பது மீற்றருக்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும்.

இன்னொன்று, குளிர்ந்த அசைவில்லாத காற்று மணத்தைத் தூக்காது, படுக்க வைத்துவிடும். மாரியில் விடிய எழும்பி வட்டையைப் பார்த்திருப்பாய். வாடியில் மூட்டிய நெருப்பின் புகை மேலே போகாது. வயலுக்கு மேலே இடுப்பளவில் ஒரு வெள்ளைச் சீலை விரித்த மாதிரிப் படுத்துக் கிடக்கும், பள்ளமான வாய்க்கால் பக்கம் மெல்ல வழியும். சூரியன் ஏறி நிலம் சூடானதும் அதே புகை எழும்பிக் கலையும். உன் உடம்பு மணமும் சென்ட் மணமும் அந்தப் புகை செய்வதைத்தான் செய்யும். காலையில் நிலம் சூடாக ஆரம்பித்ததும் காற்று மேட்டுப் பக்கம் ஏறும். பின்னேரம் நிலம் குளிர்ந்ததும் பள்ளத்துக்கு இறங்கும். ஆகவே காலையில் மேட்டில் இரு, பின்னேரம் பள்ளத்தில் இரு, மான் மற்றப் பக்கம் இருந்து வரட்டும். மரத்தில் கட்டிய இருக்கையில் பன்னிரண்டு அடி உயரத்தில் இருந்தால் மணம் தலைக்கு மேலால் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். குளிர்ந்த பின்னேரத்தில் அது மரத்தடியிலேயே வந்து விழும்.

மானின் பக்கத்தில் குளிருக்கு ஒரு நல்ல வேலை உண்டு. நவம்பரில் வெண்வால் மானுக்குத் தடித்த குளிர்கால மயிர் வந்துவிடும். வெயில் அடித்துச் சூடான நாளில் அது படுத்தே கிடக்கும். குளிர்ந்த நாளில் பகலிலும் நடமாடும். "குளிர் வந்தால் சென்ட் பலிக்கும்" என்று அங்கே சொல்வதற்கு முக்கிய காரணம் இதுதான் என்பது என் எண்ணம். சென்ட் அதிகம் மணப்பதில்லை, மணம் பிடிக்கும் மான்தான் அதிகம் நடமாடுகிறது.

குளிர் வந்ததும்தான் கிடாய்க்கு இணைசேரும் வெறி வருகிறது என்று நினைத்துவிடாதே. அதைத் தீர்மானிப்பது பகல் நீளம். பகல் குறையக் குறைய உடம்புக்குள் மணி அடிக்கும். ஒன்ராறியோவில் அந்தப் பருவம் நவம்பர் நடுப்பகுதியில் உச்சத்துக்கு வரும். பிணை மான் கிடாயை ஏற்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அப்போது சினைப்படாவிட்டால் சுமார் 28 நாளில் திரும்பவும் வரும், அதாவது டிசம்பர் நடுவில் சின்னதாய் இன்னொரு அலை. சினைக்காலம் ஏறத்தாழ 200 நாள். கூட்டிப் பார், குட்டி மே கடைசியிலோ ஜூனிலோ புல்லோடு சேர்ந்து வந்து விழும். இந்த நாட்கணக்கைத் தெரிந்து வைத்திருப்பவனுக்குத்தான் எந்த மணத்தை எப்போது வைப்பது என்று விளங்கும்.

அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று பார். மானின் உடம்பே ஒரு மணப்பெட்டி. பின்னங்காலின் முட்டி வளைவில், உட்பக்கமாக, மயிர்க்குச்சம் ஒன்று இருக்கும். இரண்டு காலையும் ஒன்றுசேர்த்து அதன்மேல் சிறுநீரை விட்டுத் தேய்க்கும். அந்தக் குச்சத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சேர்ந்துதான் அந்தக் கடும் வாடையை உண்டாக்குகின்றன. கிடாய்க்கு நவம்பரில் அந்த இடம் கறுத்துப் போயிருக்கும். குளம்பு இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சுரப்பி, அது நடந்த தடம் எல்லாம் மணத்தை வைத்துக்கொண்டு போகும். கண்ணுக்கு முன்னால் ஒன்று, நெற்றியில் ஒன்று. கிடாய் நிலத்தைக் குளம்பால் சுரண்டி வெறும் மண்ணாக்கும். அதற்கு மேலே தொங்கும் கிளையை நக்கும், கடிக்கும், நெற்றியையும் கண்ணோரத்தையும் அதில் உரசும். பிறகு சுரண்டிய மண்ணில் சிறுநீர் விடும். அந்தப் பக்கம் வரும் ஒவ்வொரு மானும் அதை வாசித்துவிட்டுப் போகும். கிடாய் பிணையின் சிறுநீரை மோந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டித் தலையை உயர்த்தி நிற்பதைக் காண்பாய். வாயின் மேலண்ணத்தில் உள்ள தனி உறுப்புக்கு அந்த மணத்தை அனுப்பிச் சோதிக்கிறது, பிணை தயாரா இல்லையா என்று.

கடையில் இருப்பவை பெரும்பாலும் இந்த நாலு குடும்பம்தான். ஒன்று, தயாரான பிணையின் மணம். இரண்டு, சாதாரணப் பிணையின் மணம். மூன்று, கிடாயின் கால்குச்ச மணம். நான்கு, சாப்பாட்டு மணம், அப்பிள் மாதிரி. இவை தவிர மண், பைன் மரம் போன்ற மூடுமணங்களும் உண்டு. உன் மணத்தை மறைப்பதாகச் சொல்வார்கள். மானின் மூக்கு கலவையைத் தனித்தனியாகப் பிரித்து அறியும், ஆகவே மூடுமணத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பைன் மணமும் தெரியும், அதற்குப் பின்னால் நிற்கும் மனிசனும் தெரியும்.

ஒக்டோபர் கடைசியில் தயாரான பிணையின் மணத்தைக் கொண்டுபோய் வைக்காதே. அந்த நாளில் எந்தப் பிணையும் அப்படி மணப்பதில்லை, பெரிய கிடாய்க்கு அது புதிராகவே இருக்கும். அப்போது கிடாய் மணமும் சுரண்டல் தடமும்தான் சரி. யார் என் இடத்துக்குள் வந்தவன் என்று பார்க்க வரும். நவம்பர் முதல் வாரம் தாண்டியதும் பிணை மணத்துக்கு மாறு. நவம்பர் நடுவில் உச்சம் நடக்கும்போது கிடாய் உண்மையான பிணை ஒன்றோடு ஒட்டியே திரியும், உன் போத்தலைத் திரும்பியும் பார்க்காது. அந்த வாரத்தில் ஒன்றும் வரவில்லை என்று மனம் விடாதே. உச்சம் தணிந்ததும், அடுத்த பிணையைத் தேடி அலையும் கிடாய்தான் சென்ட்டுக்கு நன்றாக வரும். எனக்குக் கிடைத்த மூன்றில் இரண்டு அந்த நாட்களில் வந்தவை. பருவம் எல்லாம் முடிந்து கடும் பனியில் போகிறாய் என்றால் சாப்பாடு இருக்கும் இடத்தைப் பார், மணத்தை விடு.

இப்போது கவனமாக வாசி. ஒன்ராறியோவில் மான் குடும்பத்து விலங்கின் சிறுநீர், சுரப்பி எண்ணெய், எச்சம் என்று உடம்பில் இருந்து எடுத்த எதையும் வேட்டைக்கு வைத்திருப்பதும் பாவிப்பதும் தடை. மான் மணம் என்றால் ரசாயனத்தால் செய்த செயற்கை மணம் மட்டும்தான் பாவிக்கலாம். இணையத்தில் அமெரிக்கக் கடைகளில் இருந்து வாங்கினால் இயற்கைச் சரக்கு வந்து சேரலாம். போத்தலில் செயற்கை என்று தெளிவாக இருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு வருடமும் வேட்டை விதிகளின் தொகுப்பு வெளியாகும், உன் வட்டாரத்து எண்ணைப் பார்த்து அதை முழுதாக வாசி. பயிற்சி வகுப்பு, அட்டை, லைசென்ஸ், மான் டேக் (மானுக்கென்று தரும் அனுமதிச் சீட்டு), துவக்குப் பருவத்தில் செம்மஞ்சள் மேலாடை, தொப்பி எல்லாம் அதில் இருக்கும்.

தடைக்குக் காரணம் ஒரு நோய். மானை மெலிய வைத்துக் கொல்லும் மூளைநோய். 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் கவனித்தார்கள். கனடாவில் 1996இல் சஸ்காச்சுவானில் பண்ணை எல்க் மானில் கண்டார்கள். 2018இல் ஒன்ராறியோவுக்கு அடுத்த கியூபெக்கில் ஒரு மான் பண்ணையிலேயே வந்துவிட்டது. கிருமி என்று சொல்லவும் முடியாது. உருக்குலைந்த ஒரு புரதம், பிரையோன் என்பார்கள். எச்சிலிலும் சிறுநீரிலும் எச்சத்திலும் வெளியே வரும். மண்ணில் வருடக்கணக்கில் அழியாமல் கிடக்கும். வந்த மான் பிழைக்காது, மருந்தும் இல்லை. இயற்கைச் சென்ட் போத்தலில் உள்ள சிறுநீர் பண்ணை மானில் இருந்து பிடித்தது. நோய் உள்ள ஒரு பண்ணையின் ஒரு துளி, சுத்தமான காட்டின் மண்ணுக்குள் போனால் அதைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது. இந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு மதிக்கிறேன். செயற்கை மணத்துக்குப் பலன் குறைவு என்று கதைப்பார்கள். குறைந்தாலும் பரவாயில்லை.

சரி, வைக்கும் முறைக்கு வருவோம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைவிடும் இடம் இதுதான் என்பது என் அனுபவம்.

கிடாய் மணத்தைப் பிடித்ததும் நேரே அதை நோக்கி வராது. வளைந்து, மணப்பொருளுக்குக் காற்றின் கீழ்ப்பக்கமாகச் சுற்றிவந்து, நின்று, மூக்கை உயர்த்தித் திரும்பவும் சோதிக்கும். நீ சென்ட்டை உனக்கு முன்னால் மேல்காற்றில் வைத்தால் கிடாய் சுற்றி வந்து நிற்கும் இடம் உன் முதுகுப் பக்கமாக இருக்கும். அங்கே சென்ட்டும் மணக்கும், நீயும் மணப்பாய்.

நிலத்தில் கோடு கீறிப் பார். கச்சான் அடிக்கிறது என்று வைத்துக்கொள், காற்று மேற்கில் இருந்து கிழக்கே போகிறது. மான் படுக்கும் சீடர் மரச் சதுப்பு வடக்கே இருக்கிறது. நீ தெற்கே இரு. சென்ட்டை உனக்கு வடக்கே, அம்பு வில்லுக்குப் போகிறாய் என்றால் இருபது மீற்றருக்குள், மானுக்கும் உனக்கும் நடுவில் தொங்கவிடு. கிடாய் வடக்கில் இருந்து வரும், சென்ட்டின் கிழக்கே சுற்றும். அந்த இடம் உனக்கு வடகிழக்கு. உன் வாடை நேர் கிழக்கே போகிறது, இன்னும் அதன் மூக்கில் படவில்லை. நீ வெடி வைக்க வேண்டியது அது அங்கே நிற்கும் அந்த அரை நிமிடத்தில். தாமதித்தால் இன்னும் தெற்கே வந்து உன் வாடைக்குள் மிதித்துவிடும். காற்று திசை மாறிவிட்டால், எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் எழும்பி மற்ற மரத்துக்குப் போ. மனம் வராது, ஆனாலும் போ.

சென்ட்டை நிலத்தில் ஊற்றாதே. பஞ்சுத்திரியில் நாலைந்து துளி போட்டு, மானின் மூக்கு உயரத்தில், மூன்று நாலு அடியில் கிளையில் தொங்கவிடு. போத்தலைக் கோட்டின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திரு, இரண்டு பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டி. கையைச் சூடாக்கச் சின்னப் பொட்டலம் விற்பார்களே, குலுக்கினால் மணிக்கணக்கில் சூடாக இருக்கும், அதில் ஒன்றைத் திரிக்குப் பக்கத்தில் கட்டிவிட்டால் உறையாது. உறைபனிக் காலையில் இதுதான் பெரிய வித்தியாசத்தைத் தரும். திரும்பிப் போகும்போது திரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போ. இரவெல்லாம் தொங்கவிட்டால் கிடாய் நீ இல்லாத நேரம் வந்து பார்த்து, பொய் என்று தெரிந்துகொண்டு போய்விடும்.

சிலர் துணியை நனைத்துச் சப்பாத்துக்குப் பின்னால் கயிற்றில் இழுத்துக்கொண்டு நடப்பார்கள், கிடாய் அந்தத் தடத்தைப் பிடித்து வரட்டும் என்று. நல்ல முறை. ஆனால் நடக்க நடக்கத் துணியில் மணம் குறைந்துகொண்டே போகும், அப்படியானால் தடம் உன் காரை நோக்கித்தான் கூடிக்கொண்டு போகிறது. கிடாய் கூடின பக்கம்தான் போகும். நூறு அடிக்கு ஒருமுறை ஓரிரு துளி சேர்த்துக்கொண்டே வா. மரத்தடி வரைக்கும் இழுத்து வராதே, வெடி வைக்க வாகான இடத்தில் நிறுத்தித் துணியை அங்கேயே தொங்கவிடு.

பொய்ச் சுரண்டல் செய்வதென்றால் மண்ணைவிடக் கிளைதான் முக்கியம். நாலைந்து அடி உயரத்தில் தொங்கும் கிளை இல்லாத இடத்தில் எவ்வளவு சுரண்டினாலும் மான் மதிக்காது. இவற்றுக்கு மான் வருவது பெரும்பாலும் இரவில்தான். ஒரு கிடாய் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று அறிய உதவும், நேரம் சொல்லாது.

இனி நம் வீட்டுக் கதை. ஒன்ராறியோவில் நம் ஆட்கள் இருக்கும் வீட்டில் குளிருக்கு யன்னல் எல்லாம் பூட்டியிருக்கும். குசினியில் கடுகு, கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் போட்டுத் தாளித்தால் அந்த மணம் அலுமாரிக்குள் தொங்கும் ஒவ்வொரு கோட்டிலும் ஏறும். நமக்குப் பழகிப்போனதால் தெரியாது. வெளியில் இருந்து வரும் வெள்ளைக்காரச் சிநேகிதனிடம் உன் வேட்டைக் கோட்டைக் கொடுத்து மோந்து பார்க்கச் சொல், அவன் சொல்வான். நான் முதல் வருடம் நாலு நாள் இருந்தும் ஒரு மானையும் கிட்டக் காணவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஒரு கிடாய் அறுபது மீற்றரில் நின்றது. முன்னங்காலால் நிலத்தை ஒருமுறை மிதித்தது, இன்னொருமுறை மிதித்தது. மூக்கால் ஒரு சீறல். வெள்ளை வால் நிமிர்ந்ததுதான் தெரியும், பிறகு காடு மட்டும்தான் நின்றது. என்னைக் கூட்டிப்போன பெரியவர் இறங்கி வந்து என் கோட்டுக் கையை மோந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூக்கைக் காட்டினார். அன்றைக்கு என் பையில் இருந்த சென்ட் போத்தலும் மூடி கழன்று பாதி கசிந்திருந்தது. பிணை மானும் கறித்தூளும் ஒன்றாக மணக்கும் ஒரு பிராணியை அந்தக் கிடாய் அதற்கு முன் சந்தித்திருக்காது.

அந்த மாலையே ஒரு வழி பிடித்தேன், பிறகு மாற்றவில்லை. வேட்டை உடுப்பை மணமில்லாத சவர்க்காரத்தில் கழுவி, கடைசி அலசலில் அப்பச்சோடா கொஞ்சம் போடு. வெளியில் காய விடு. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், வேட்டைக் காட்டுச் சருகு இரண்டு கைப்பிடி போட்டுக் கராஜிலோ பல்கனியிலோ வை, வீட்டுக்குள் கொண்டு வராதே. காட்டோரத்தில் போய்த்தான் போட வேண்டும். போகும் வழியில் பெற்றோல் அடிக்காதே, முதல் நாளே அடித்து வை. றப்பர் பூட்ஸ் போடு, சென்ட்டைத் தொட கையுறை போடு. விடிய நடக்கும்போது வேர்க்காதபடி கோட்டைக் கையில் கொண்டு போய், மரத்தில் ஏறியபின் போடு. குளிரில் வேர்வை உனக்கும் ஆபத்து, வேட்டைக்கும் கேடு.

மான் கிடைத்துவிட்டால் ஒரு விஷயம். அந்தக் கால்குச்சத்தைத் தொட்ட கத்தியாலோ கையாலோ இறைச்சியைத் தொடாதே. அந்த வாடை ஏறினால் எந்த மசாலாவும் அதை எடுக்காது. கறி கெட்டுப்போனதென்று பலர் சொல்வதற்குப் பாதிக் காரணம் இது.

கடைசிக் கேள்வி, நம்மட காட்டுப் பக்கம். இல்லை தம்பி. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, பின்னால் பல தடவை திருத்தி இறுக்கியிருக்கிறார்கள். புள்ளிமான், மரை எதையும் இங்கே வேட்டையாட முடியாது. இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். அங்கே மானை எண்ணிக் கணக்குப் பார்த்து டேக் கொடுக்கிறார்கள். இங்கே காடு சுருங்கிக்கொண்டே வருகிறது, கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும் ஆளையும் பார்ப்பதில்லை, ஆட்டையும் பார்ப்பதில்லை, யானையின் காலையும் பார்ப்பதில்லை. "மரை வத்தல் இருக்கு" என்று யாரும் இரகசியமாகச் சொன்னால் வாங்காதே. நீ கொடுக்கும் காசுதான் அடுத்த சுருக்கைக் கட்டுகிறது. மான் மணப் போத்தல் எதையும் விமானத்தில் கொண்டு வராதே, அந்த நோய் இந்த மண்ணுக்கு வேண்டாம்.

அதோடு, அந்தச் சென்ட் இங்கே அர்த்தமில்லாதது. வெண்வால் பிணையின் மணம் புள்ளிமான் கிடாய்க்கு விளங்காத பாஷை. நம்ம புள்ளிமானுக்கு நவம்பர் என்று குறித்த பருவமும் இல்லை. பகல் நீளம் இங்கே வருடம் முழுக்க அதிகம் மாறாது, வருடத்தில் எந்த மாதமும் முற்றின கொம்போடு ஒரு கிடாயைக் காணலாம், சின்னக் குட்டியையும் காணலாம். ஆனால் மணத்தால் எழுதும் பழக்கம் அதற்கும் உண்டு. கிடாய் பின்னங்காலில் எழும்பி நின்று, எட்டாத கிளைக்கு முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணோரத்தை உரசும். முதல்முறை காண்பவர் அது இலை தின்னுகிறது என்றுதான் நினைப்பார்.

இங்கேயும் வாடைதான் எல்லாம். ஆடி மாதத்துக் கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தையில் இருந்து குமனைக் காட்டுக்குள் இறங்கி நடப்போம் அல்லவா, அந்த வழி தென்மேற்கே போகிறது. அந்தக் காலத்துக் காற்றும் தென்மேற்கில் இருந்துதான் வரும். முகத்தில் அடிக்கும். ஒரு வருடம் கும்புக்கன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், விடிந்தும் விடியாத நேரம், கூட்டத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் வெறுங்காலோடு மணலில் போகிறோம். பாலை மரத்தடியில் இருபது முப்பது புள்ளிமான். மேலே மந்திகள் கடித்துப் போடும் பழத்தையும் இலையையும் பொறுக்கித் தின்றுகொண்டு நிற்கின்றன. முப்பது அடிவரை போய்விட்டோம். ஒரு குட்டியின் காதுக்குள் உண்ணி இருப்பதைக்கூடப் பார்த்தேன். ஒன்றும் நிமிரவில்லை. காற்று ஒரு கணம் நின்றது, பிறகு கடல் பக்கம் இருந்து சின்னதாய் ஒரு தட்டுத் தட்டியது. எங்கள் விபூதி, வேர்வை, கற்பூரம் எல்லாம் அந்த ஒரு தட்டில் போயிருக்கும். அத்தனை தலையும் ஒரே நேரத்தில் உயர்ந்தது. மேலே இருந்த மந்திக்கு மணம் தெரியாது, மானின் கத்தலைக் கேட்டுத்தான் அது கத்தியது. மரத்தில் கண்ணும் நிலத்தில் மூக்குமாக இரண்டும் ஒன்றுக்கொன்று காவல்.

ஆகவே டிசம்பரில் வா. மாரி மழை விட்ட நாளாகப் பார்த்து உகந்தைக்குப் போவோம், முருகனைக் கும்பிட்டுவிட்டு விடியக் குமனை வாசலில் நிற்போம். ஜீப்பில்தான் போக வேண்டும், இறங்கி நடக்க விடமாட்டார்கள், ஆனால் எந்தக் குளத்துக்கு எந்தப் பக்கத்தால் போனால் காற்று நமக்கு வாய்க்கும் என்று சாரதியிடம் கேட்டு நிற்பாட்டலாம். எனக்கு ஒரு பைனாகுலர் வேண்டும், எட்டுக்கு நாற்பத்திரண்டு, அதை வாங்கிக்கொண்டு வா. அந்தப் பவுடர் போத்தல் வேண்டாம், சாம்பல் இங்கே இருக்கிறது.